தொட்டி விழும் என்று மரியாதையாகச் சொல்வது எப்படி

வெல்டர் எழுதியது மொத்தம் பதினாறே சொற்கள். அவற்றில் பன்னிரண்டு தண்ணீர்த் தொட்டியைப் பற்றியவை, நான்கு நிர்வாகத்தைப் பற்றியவை. அந்தப் பன்னிரண்டை யாரும் படிக்கவில்லை.

"காப்பகத்துப் பக்கத்துல நிக்கிற தண்ணித் தொட்டிக்கு ரெண்டு கால் துரு அரிச்சுப் போச்சு. சீக்கிரம் விழும். நிர்வாகத்துக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

ஒரு சனிக்கிழமை முற்பகலில், குழந்தைகள் காப்பகத்தின் இரும்புக் கதவருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, கைபேசியில் ஒற்றை விரலால் இதைத் தட்டினார். கதவின் கீல் விட்டுப்போயிருந்தது. பற்றவைக்க வந்திருந்தார். வேலை முடிந்து, சுத்தியலால் கசடைத் தட்டி உதிர்த்துக்கொண்டிருந்தவர், பழக்கதோஷத்தில் பக்கத்தில் நின்ற தொட்டியின் காலையும் ஒரு தட்டுத் தட்டினார். நல்ல இரும்பு தட்டினால் பாடும். இது இருமியது. சுரண்டினார், பெயிண்ட் பக்குப் பக்காகப் பெயர்ந்து வந்தது. திருப்புளியை வைத்து அழுத்தினார். கைப்பிடிவரை உள்ளே போய்விட்டது. அடுத்த காலும் அதே கதி. மேலே, மூன்று மாடி உயரத்தில், இருபதாயிரம் லிட்டர் தண்ணீர். கீழே காப்பகத்தின் தகரக் கூரை. கூரைக்குக் கீழே ஐந்து வயதுக்கு உட்பட்ட பத்தொன்பது குழந்தைகள், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய மனைவி. குழந்தைகள் அவளை அத்தை என்று கூப்பிட, பெற்றவர்களும் அப்படியே கூப்பிட, பன்னிரண்டு கட்டடங்கள் கொண்ட அந்தக் குடியிருப்பு முழுவதற்கும் அவள் அத்தை ஆகிவிட்டிருந்தாள்.

எடுத்த எடுப்பில் எழுதிவிட்டார் என்று யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. முதலில் அலுவலகத்துக்குத்தான் ஓடினார். முன்பெல்லாம் அங்கே பராமரிப்புப் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒரு பொறியாளர், இரண்டு ஃபிட்டர்கள், ஒரு ஏணி. குடியிருப்புவாசிகள் வந்து கத்துவார்கள், பொறியாளர் திரும்பக் கத்துவார், ஃபிட்டர்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். இந்தக் கத்தல் நாகரிகக் குறைவாக இருக்கிறது என்று நிர்வாகத்துக்குப் பட்டது. பராமரிப்புப் பிரிவை மூடிவிட்டு, அதே அறையில் கண்ணிய உரையாடல் பிரிவைத் திறந்தார்கள். புகார் எதுவானாலும் 'சொல்முற்றம்' என்ற இணையதளத்தில்தான் எழுத வேண்டும், அங்கே எல்லாரும் கூடி மரியாதையாக விவாதிக்க வேண்டும் என்று விதி வந்தது. ஏணி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

பதினோராவது நிமிடத்தில் வெல்டரின் பதிவு நீக்கப்பட்டது. திங்கட்கிழமை காலை அவர் அழைக்கப்பட்டார்.

கண்ணிய அலுவலர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. குடியிருப்பில் அவருக்கு 'மெல்லப்பேசி' என்று பெயர். கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டை தொங்கும். அவர் எழுந்து நின்று வெல்டரை வரவேற்றார், நாற்காலியை இழுத்துப் போட்டார், இதமாகச் சிரித்தார். பிறகு, அச்சடித்து வைத்திருந்த பதினாறு சொற்களைச் சிவப்பு மையில் வட்டமிட ஆரம்பித்தார்.

"'கண்ணு அவிஞ்சா'ன்னு எழுதியிருக்கீங்க. பார்வை இல்லாதவங்க மனசு என்ன பாடுபடும்?"

"சார், தொட்டி..."

"வர்றேன். 'அரிச்சுப் போச்சு'. முடிஞ்சுபோன மாதிரி ஒரு நம்பிக்கையின்மை. அப்புறம் இந்த 'விழும்'. இதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். மாற்றுக் கருத்துக்கு நீங்க இடமே குடுக்கலையே."

"இரும்புக்கு என்ன சார் மாற்றுக் கருத்து?"

"பாருங்க, நீங்க சொல்றது சரியா தப்பான்னு இந்தப் பிரிவு பார்க்காது. அது எங்க வேலையே இல்லை. சரியானதைத் தப்பான தொனியில சொன்னா, அது தப்பு. தப்பானதைச் சரியான தொனியில சொன்னா, அது ஒரு பார்வை."

"தொட்டி விழுந்துட்டா?"

"விழுந்தா, அதைப் பத்தியும் நாம கண்ணியமா உரையாடலாம்."

வெல்டருக்குக் காது மடல் சூடாகியது. ஆனால் அவருக்கு அந்தப் பதிவு வெளியே போக வேண்டும். பத்தொன்பது குழந்தைகள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் இருவரும் சேர்ந்து எழுதினார்கள். அதாவது, ஒருவர் எழுதினார், மற்றவர் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அனுமதிக்கப்பட்ட வடிவம் இது:

"மதிப்பிற்குரிய நிர்வாகத்தின் அயராத உழைப்பை முதற்கண் வணங்குகிறேன். பல்லாண்டுகளாகக் கம்பீரமாக நின்று நமக்குத் தண்ணீர் வழங்கிவரும் தொட்டிக்கும் என் நன்றி. அதன் கால்களில் சில இடங்களில் வண்ண மாற்றம் ஏற்பட்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. எனக்குத் தோன்றுவது பிழையாகவும் இருக்கலாம். எதிர்காலத்தில் எப்போதேனும் தொட்டியானது நிற்பதற்கு மாறான ஒரு நிலையை எய்தக்கூடுமோ என்பது குறித்து அன்பர்களின் பன்முகப் பார்வைகளை அறிய ஆவல்."

மாலையில் அத்தை அதைக் கைபேசியில் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"இரங்கல் செய்தி மாதிரி இருக்கே. யாரு செத்தாங்க?"

"இன்னும் யாரும் சாகலை. அதுக்கு முன்னாடி போடறது."

அவள் சிரிக்கவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாகக் குழந்தைகளின் பாய்களைத் தொட்டியின் பக்கமிருந்த அறையிலிருந்து எடுத்து, தள்ளியிருந்த அறையில் போட்டாள். பத்தொன்பது பேருக்கு அந்த அறை போதவில்லை. நெருக்கியடித்துப் படுக்க வைத்தாள். கூரை என்னவோ இரண்டு அறைக்கும் ஒன்றுதான்.

புதிய பதிவுக்கு நல்ல வரவேற்பு. அறுபது பேர் 'அருமை' என்றார்கள். ஒருவர், வண்ண மாற்றம் எந்த வண்ணத்தில் என்று கேட்டார். ஓய்வுபெற்ற மேலாளர் ஒருவர் விரிவாகப் பதில் எழுதினார்:

"பெருமதிப்பிற்குரிய வெல்டர் அவர்களுக்குப் பணிவான வணக்கம். ஏழாம் வகுப்போடு நின்றுவிட்ட தங்களைப் போன்றோரும் பொறியியல் பேச முன்வருவது நெஞ்சை நெகிழச் செய்கிறது. தங்களுக்கு வேலை குறைந்திருப்பதை உணர்ந்து வருந்துகிறேன். அதற்காகக் குழந்தைகளைக் காட்டிப் பிழைப்புத் தேடுவது தங்கள் குடும்ப வழக்கமாக இருக்குமாயின், அவ்வழக்கத்தையும் மதிக்கிறேன். இத்தகைய பதற்றமான இல்லத்திலிருந்து வரும் தங்கள் மனைவியார் மழலைகளோடு பழகுவது தகுமா என்பதை அன்புடன் அனைவரும் சிந்திப்போம். நன்றி கலந்த வணக்கங்களுடன்."

இந்தப் பதிலுக்குக் கண்ணிய உரையாடல் பிரிவு பொன் நட்சத்திரம் வழங்கியது. ஒரே பதிவில் ஒருமை இல்லை, வசை இல்லை, வியப்புக்குறி இல்லை, இரண்டு வணக்கங்கள் வேறு. மற்றவர்கள் பின்பற்றத்தக்க மாதிரி என்று பக்கத்தின் உச்சியில் ஒரு வாரம் ஒட்டிவைத்தார்கள்.

வெல்டர் அதற்குக் கீழே ஒரு வரி எழுதினார்: "அத்தனையையும் தொட்டிக்கு அடியில வந்து நின்னு சொல்லுடா." நாற்பது விநாடிதான், பதிவு போய்விட்டது. கூடவே ஒரு அறிவிப்பு. வெல்டர் கண்ணியப் பயிற்சி வகுப்புக்கு நான்கு நாள் மாலை கட்டாயம் வர வேண்டும். வராவிட்டால் சொல்முற்றத்தில் கணக்கு முடக்கப்படும். கணக்கு இல்லாதவருக்குப் புகார் இல்லை. புகார் இல்லாத தொட்டிக்குக் குறை இல்லை.

வகுப்பில் எட்டுப் பேர் இருந்தார்கள். வெல்டருக்குப் பக்கத்தில் ஒரு தையல்காரம்மா. சாக்கடைத் தண்ணீர் சமையலறைக்குள் பொங்கி வருவதைப் பற்றி எழுதியபோது மூன்று கேள்விக்குறி போட்டுவிட்டாளாம். "ஒண்ணு போட்டேன், யாரும் வரலை. ரெண்டு போட்டேன், வரலை. மூணு போட்டேன், இங்க கூப்பிட்டாங்க," என்றாள். அவள் இன்னமும் செருப்புப் போட்டுக்கொண்டுதான் சமைக்கிறாள்.

மெல்லப்பேசி நாற்பத்திரண்டு பக்கக் கையேடு ஒன்றைக் கொடுத்தார். எதிர்த்துப் பேசும்முன் எதிராளிக்கு மூன்று நன்றிகள். அவர் தரப்பின் நற்கூறுகள் நான்கு. தன் தரப்பின் குறைகள் இரண்டு. 'இல்லை' என்பதற்குப் பதில் 'சுவையான கோணம்'. கோபம் வந்தால் ஒரு குவளை தண்ணீர் குடிக்க வேண்டும். மேசை மேல் குவளைகள் தயாராக இருந்தன. தண்ணீர் அந்தத் தொட்டியிலிருந்து வந்தது, செம்பழுப்பாக இருந்தது. யாரும் குடிக்கவில்லை, ஆகவே யாருக்கும் கோபம் இல்லை என்று வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் செய்முறை. வெல்டருக்கு 'தொட்டி விழும்' என்ற தரப்பு. 'விழாது' என்ற தரப்புக்கு ஆள் வேண்டுமே. வரிசையில் அடுத்திருந்த மருந்துக்கடைக்காரரை நியமித்தார்கள். அவர் தெருவிளக்கு எரியாததைப் பற்றி எழுதும்போது 'சீ' என்று எழுதியதற்காக வந்தவர். தலைக்கு ஏழு நிமிடம்.

வெல்டர் நன்றி சொல்லி முடிக்கவே நான்கரை நிமிடம் ஆயிற்று. எதிர்த்தரப்பின் நற்கூறுகளைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மணி அடித்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் சுருக்கமாக முடித்தார்: "இருபது வருஷமா நிக்குது. நாளைக்கும் நிக்கும்." வகுப்பு கைதட்டியது. நடுநிலை நன்றாக வந்திருக்கிறது என்று மெல்லப்பேசி இருவரையும் பாராட்டினார்.

வெளியே வந்ததும் வெல்டர் மருந்துக்கடைக்காரரின் சட்டையைப் பிடிக்காத குறை.

"யோவ், நீ என்னைக்காவது அந்தத் தொட்டியை அண்ணாந்து பார்த்திருக்கியா?"

"நான் எதுக்குய்யா பார்க்கணும்? விழாதுன்னு பேசச் சொன்னாங்க, பேசினேன்."

"சொன்னா பேசிடுவியா? உன் கடைக்கு வந்து எலி மருந்தைக் காட்டி, இது சத்து மாத்திரைன்னு பேசச் சொன்னா பேசுவியா?"

"மருந்தைப் பத்தி வாயைத் திறந்தே, தெரியும் சேதி! நீ பெரிய இரும்பு மேதாவி, உலகத்துல துருப்பிடிக்காதது எது? என் கடை ஷட்டர்கூடத்தான் துருப்பிடிச்சிருக்கு."

"உன் ஷட்டருக்குக் கீழ பத்தொன்பது புள்ளைங்க படுத்திருக்குதாய்யா?"

தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இருவரும் கத்திக்கொண்டே நடந்தார்கள். நடந்த திசை தொட்டியின் திசை. அங்கே போய் வெல்டர் திருப்புளியை எடுத்துக் கையில் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் அலட்சியமாக ஒரு குத்துக் குத்தினார். உருவினார். ஓட்டைக்குள் விரலை விட்டார். மூன்று விரல் போயிற்று. உள்ளே ஈரமாக, மண் மாதிரிப் பொலபொலவென்று இருந்தது. வெளியே எடுத்த கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு காப்பகத்தின் கூரையைப் பார்த்தார்.

"விழும்யா," என்றார் மெதுவாக. "நான் சொன்னது தப்பு. இது விழும்."

"அதைத்தானேய்யா நான் அப்பவே பிடிச்சுக் கத்தறேன்."

"நல்லாதான் கத்தினே. இல்லைன்னா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன்."

அந்தக் குடியிருப்பில் அந்த ஆண்டு நடந்த ஒரே உருப்படியான விவாதம் அதுதான். மருந்துக்கடைக்காரர் அங்கேயே நின்று சொல்முற்றத்தில் எழுதினார்: "நான் தப்பாகப் பேசிவிட்டேன். தொட்டுப் பார்த்தேன். தொட்டி விழும்." அதுவும் நீக்கப்பட்டது. மறுநாள் இருவரும் சேர்ந்தே அழைக்கப்பட்டார்கள்.

மெல்லப்பேசியின் முகத்தில் உண்மையான துயரம் இருந்தது.

"உங்களுக்குக் குடுத்த தரப்பு 'விழாது'. நீங்க பாட்டுக்கு இந்தப் பக்கம் வந்துட்டா, அந்தப் பக்கம் யாரு இருக்கா?"

"யாரும் இருக்க வேண்டாம் சார். அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லை. ஓட்டைதான் இருக்கு."

"ரெண்டு பக்கம் இருந்தாதான் அது உரையாடல். ஒரு பக்கம் மட்டும் இருந்தா, அது வெறும் உண்மை. வெறும் உண்மைக்கு இந்தத் தளத்துல இடம் கிடையாது. மத்தவங்க மனசு புண்படும்."

"தொட்டுப் பார்த்தேன் சார்!"

"அதுதான் தப்பு. தொட்டுப் பார்த்தா நடுநிலை போயிடும். நான் இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட எதையும் போய்ப் பார்த்தது கிடையாது."

இதைச் சொல்லும்போது அவர் நெஞ்சை நிமிர்த்தியிருந்தார். தரப்பை அவமதித்த குற்றத்துக்காக மருந்துக்கடைக்காரரின் கணக்கு முடக்கப்பட்டது.

விவகாரத்தைச் சுமுகமாக முடிக்க நிர்வாகம் வாக்கெடுப்பு நடத்தியது. தொட்டி விழுமா, விழாதா? விழாது என்று இருநூற்றுப் பன்னிரண்டு பேர், விழும் என்று நூற்றுத் தொண்ணூற்றேழு பேர். தொட்டி விழாது என்று பெரும்பான்மை முடிவு செய்துவிட்டது. தோற்றவர்களையும் அரவணைக்க வேண்டுமல்லவா? அதற்காக 'கருத்து வேற்றுமையில் கண்ணியம்' என்ற விழா அறிவிக்கப்பட்டது. இடம், தொட்டியின் அடி. காரணம், அங்கேதான் நிழல் இருந்தது. விழாவை முன்னிட்டுத் தொட்டியின் கால்களுக்கு வெள்ளி நிறப் பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்ட்காரர் துருவின் மேலேயே பூசினார். பூசும்போது ஓர் ஓட்டையில் தூரிகை மாட்டிக்கொண்டது, அதையும் சேர்த்துப் பூசிவிட்டுப் போய்விட்டார். விழா நாளன்று தண்ணீர்ப் பற்றாக்குறை பேச்சு எழக் கூடாது என்று தொட்டியை விளிம்புவரை நிரப்பினார்கள்.

காப்பகக் குழந்தைகள் 'உங்கள் கருத்தை மதிக்கிறேன்' என்ற அட்டையை ஏந்தி முன்வரிசை நாற்காலிகளில் உட்கார வேண்டும் என்று உத்தரவு வந்தது. பத்தொன்பது அட்டைகளும் வந்தன.

அத்தை அட்டைகளை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். விழா நாள் காலையில், வெளியே போகும்போது குழந்தைகள் பிடித்துக்கொள்ளும் நீளக் கயிற்றை எடுத்தாள்.

"எங்க அத்தை போறோம்?"

"பூங்காவுக்கு. கயித்தை யாரும் விடக் கூடாது."

தெரு முனைப் பூங்காவில் மருந்துக்கடைக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்து காத்திருந்தார். குழந்தைகளை அவரிடமும் இரண்டு தாய்மாரிடமும் விட்டுவிட்டு, அத்தை திரும்பி வந்தாள். புருஷன் அங்கே தனியாக நிற்கிறானே என்ற கவலை. வந்தவளை வாசலிலேயே மெல்லப்பேசி பிடித்துக்கொண்டார்.

"குழந்தைங்க எங்கம்மா? முன்வரிசை காலியா இருக்கே."

"வர மாட்டாங்க சார்."

"'வர இயலாத சூழல்'னு சொல்லலாமே. 'மாட்டாங்க' கொஞ்சம் கரடுமுரடா இருக்கு."

அவள் சுவரோரமாகப் போய் நின்றாள்.

நாற்பது பேர் கூடியிருந்தார்கள். பொன் நட்சத்திரம் வாங்கிய ஓய்வுபெற்ற மேலாளர் நடுவில் அமர்ந்திருந்தார். வெல்டர் தோற்ற தரப்பின் சார்பில் இரண்டு வரி நன்றி சொல்ல அழைக்கப்பட்டிருந்தார். அவர் மேடையைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லப்பேசி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இன்னிக்கு இங்க நாம நிரூபிச்சுக் காட்டியிருக்கோம். தொட்டி நிக்குதா விழுதாங்கிறது முக்கியமில்லை. அதைப் பத்தி நாம எப்படிப் பேசிக்கிட்டோம்கிறதுதான்..."

டொப் என்று ஒரு சத்தம். கட்டை விரல் அளவு ஆணி ஒன்று காலிலிருந்து தெறித்து, முன்வரிசையின் காலி நாற்காலி ஒன்றில் விழுந்தது. வெள்ளிப் பெயிண்டில் ஒரு கோடு விழுந்தது. கோடு வாய் பிளந்தது.

"ஓடுங்கடா!" என்று வெல்டர் அலறினார். "எல்லாரும் ஓடுங்கடா!"

அந்தக் குரலில் நன்றி இல்லை, நற்கூறு இல்லை. நாற்பது பேரும் ஓடினார்கள். ஓய்வுபெற்ற மேலாளர் எல்லாரையும் முந்திக்கொண்டு, வணக்கம் சொல்லாமல், ஓடினார். ஒருவர் மட்டும் ஓடவில்லை. மெல்லப்பேசி ஒலிவாங்கியை வாயருகே கொண்டு வந்து, "டா?" என்றார். சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். நேரம் குறிக்கக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சுவரோரமிருந்து அத்தை பாய்ந்தாள். கைக்கு அகப்பட்டது அந்த நீல நாடாதான். அதைப் பற்றி, கன்றுக்குட்டியை இழுப்பதுபோல் ஒரே இழுப்பு. அவர் தடுமாறி விழுந்தார். விழுந்தவரைத் தரதரவென்று இழுத்தாள். கால் மடிந்தது. தொட்டி ஒரு கணம் யோசிப்பதுபோல் சாய்ந்து நின்று, பிறகு காப்பகத்தின் மேல் இறங்கியது.

தண்ணீர் தெருவரை அடித்துக்கொண்டு போயிற்று. தகரமும் செங்கல்லும் அடங்கிய பிறகு, பத்தொன்பது சின்ன நாற்காலிகள், சிவப்பும் மஞ்சளுமாக, வாசல் வழியே ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வெளியே வந்தன. பூங்காவிலிருந்து ஓடிவந்த ஒரு தாய் அந்த நாற்காலிகளைப் பார்த்து அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

குறுக்குச் சட்டம் ஒன்று வந்து அத்தையின் இடது தோளில் விழுந்திருந்தது. வெல்டர் அவளைத் தூக்கியபோது, "கயித்தை விட்டுடாம இருக்காங்களா?" என்று கேட்டாள். மெல்லப்பேசியின் கழுத்தில் நாடா அழுத்திய சிவப்புத் தடம் இருந்தது. அதை அவர் மூன்று கோணங்களில் படம் எடுத்துக்கொண்டார்.

ஐந்து வாரம் கழித்து விசாரணை அறிக்கை வந்தது. தொட்டி விழுந்தது உண்மையே என்று அறிக்கை பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டது. எச்சரிக்கை உரிய மரியாதையோடு தரப்பட்டிருந்தால் நிர்வாகம் உரிய நேரத்தில் நடவடிக்கை எடுத்திருக்கும். ஆகவே விபத்துக்குக் காரணம் தொனி என்று முடிவு செய்தது. இரண்டு பரிந்துரைகள் இருந்தன. நாற்பது பேரை 'டா' போட்டு அழைத்ததற்கு வெல்டர் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணியிலிருந்த அலுவலரைக் கழுத்து நாடாவைப் பிடித்துப் பொது இடத்தில் இழுத்ததற்கு அவர் மனைவி வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

நிர்வாக மண்டபத்தில் கூட்டம் கூடியது. மேடையில் மெல்லப்பேசி, புதிய கைப்பிடி நாற்காலியில். சம்பவத்தை நிதானமாகக் கையாண்டதற்காக அவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. அத்தை தோளோடு சேர்த்துக் கட்டிய மாவுக்கட்டோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தச் சொல்லால் மனம் புண்பட்டவங்க கை தூக்கலாம்," என்றார் மெல்லப்பேசி. பேனா தயாராக இருந்தது.

யாரும் தூக்கவில்லை. ஓய்வுபெற்ற மேலாளர் பாதி தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார். பின்னாலிருந்து தையல்காரம்மா எழுந்தாள்.

"அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன் சார். ஓடுங்கடான்னாரு, ஓடினேன். 'தயவுகூர்ந்து இடம்பெயருமாறு கேட்டுக்கொள்கிறேன்'னு அவர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள என் எலும்பைப் பொறுக்கியிருப்பீங்க."

"சுவையான கோணம்," என்று மெல்லப்பேசி குறித்துக்கொண்டார். வெல்டர் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"கேட்க மாட்டேன்," என்றார் வெல்டர். "இன்னும் நாலு நாள் முன்னாடியே கத்தாம விட்டேனேன்னு வேணா மன்னிப்புக் கேட்கறேன். அந்தப் புள்ளைங்ககிட்ட. உங்ககிட்ட இல்லை."

மண்டபத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. மெல்லப்பேசி புன்னகை மாறாமல் அதையும் குறித்துக்கொண்டு, அத்தையைப் பார்த்தார்.

"உங்க நோக்கத்தை நாங்க மனசார மதிக்கிறோம். இழுத்த விதம்தான் கொஞ்சம்... எனக்கு இன்னும் கழுத்து வலிக்குது."

அத்தை எழுந்தாள். "தப்புதான் சார்."

வெல்டர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். மெல்லப்பேசியின் முகம் மலர்ந்தது. பேனாவைத் திறந்தார்.

"பெரிய தப்பு. உங்களைக் கேட்காம இழுத்துட்டேன்." அவள் மேடையேறி அவர் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். "வாங்க."

"எங்கே?"

"எடுத்த மாதிரியே திருப்பி வெச்சுடறேன். அந்தத் தொட்டிதான் போயிடுச்சே. ஏழாவது கட்டடத்துக்குப் பின்னாடி இன்னொண்ணு நிக்குது. அதே வருஷம் கட்டினது, அதே காலு. நேத்துதான் இவரு தட்டிப் பார்த்துட்டு வந்தாரு, அதுவும் இருமுது. நீங்க அதுக்கு அடியில போய் நின்னுக்கோங்க. இந்த வாட்டி தொட மாட்டேன். தள்ளி நின்னு, மரியாதையா, மூணு தடவை நன்றி சொல்லிட்டு அப்புறம் கூப்பிடறேன். வாங்க சார்."

நல்ல கையை நீட்டினாள். கேலிக்காக அல்ல. அவள் முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை.

மண்டபத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஏழாவது கட்டடத்துக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். வெல்டரும் மருந்துக்கடைக்காரரும் ஏற்கனவே வாசலைத் தாண்டி, தண்ணீரை முதலில் திறந்துவிடுவதா காலுக்கு முட்டுக் கொடுப்பதா என்று தெருவே அதிரச் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். அவர்கள் பின்னால் தையல்காரம்மா, தாய்மார்கள், கடைசியில் ஓய்வுபெற்ற மேலாளரும்கூட. அவர் குடியிருந்தது ஏழாவது கட்டடத்தில்.

"வாங்க சார்," என்றாள் அத்தை மறுபடியும், நீட்டிய கையை மடக்காமல்.

மெல்லப்பேசி வரவில்லை. நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.